நேரா எண்ணு பாப்பா

“பதினொன்று” என்று கத்தினாள் ஜான்சி. எதிரே வெயிலில் பதினெட்டு முதுகுகள் ஒன்றாகத் தாழ்ந்து எழுந்தன. ஐம்பது தண்டால். அவள் மட்டும் புங்க மர நிழலில், மடக்கு நாற்காலியில், சம்பந்தி வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர், டம்ளரில் குளுக்கோஸ் தண்ணீர். குடித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. குடிக்காவிட்டால் அதற்கும் தண்டனை உண்டாம். அதுவும் அவளுக்கு இல்லையாம், அதோ தரையில் கிடக்கிற பதினெட்டுப் பேருக்குத்தானாம். என்ன ஒரு மூளை! எந்த மகராசன் ரூம் போட்டு யோசித்தானோ, அவன் கையில் கிடைத்தால் இந்த டம்ளராலேயே மண்டையில் போடலாம். “பன்னிரண்டு.” பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு ராணுவத்தை அறிமுகம் செய்கிறோம் என்று பத்து நாள் கோடை முகாம், அதில் இன்றைக்கு ஆறாம் நாள். அவள் செய்த குற்றம் என்ன? கட்டிலில் படுத்தாள். அவ்வளவுதான். மனுஷி கட்டிலில் படுத்தது முகாம் நடக்கிற இந்த ராணுவ அகாதெமியில் குற்றம். கட்டில் இங்கே படுப்பதற்கு இல்லை, சோதனைக்கு. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது, கம்பளி மடிப்பு ஸ்கேல் வைத்து அளந்தால் நாலு அங்குலம் இருக்க வேண்டும். அதனால் எல்லோரும் கட்டிலை ஒரு தரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அவளும் ஐந்து நாளாக அப்படித்தான் படுத்தாள். நேற்று மத்தியானம் வயிற்று வலி. மாதாந்திர வலிதான், ஆனால் இடுப்பைப் பிய்த்துக்கொண்டு போனது. “கொஞ்ச நேரம் மேல சாஞ்சுக்கட்டி. நான் பொறவு விரிப்ப இழுத்து சரியாக்கித் தாறேன்” என்று மெர்லின்தான் சொன்னாள். குளச்சல்காரி, இவளுக்கு ஜோடி. இங்கே ஆளுக்கு ஒரு ஜோடி, ஒருத்தி தப்புக்கு இன்னொருத்தியும் பொறுப்பு. பத்து நிமிஷம் படுத்தாள். மெர்லின் சொன்னபடி விரிப்பை இழுத்துத் தந்தாள். தலையணையை மட்டும் இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். இன்று காலை சோதனையில் தலையணை நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, குழியில் ஒரு நீள முடி. எதிராஜ் உஸ்தாத் அந்த முடியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாம்பைப் பிடித்தவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். “பதிமூன்று.”

கத்துவதில் குறை வைக்கக் கூடாது. குரல் தளர்ந்தால் அந்த எண் கணக்கில் சேராது என்று உஸ்தாத் முதலிலேயே சொல்லிவிட்டார். பயிற்சி தருகிறவரை இங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் பதிலுக்கு மேடம் என்பார். மண்ணில் புரள வைக்கும்போதும் மேடம்தான், “விழுங்க மேடம், எழுங்க மேடம், அழுவாதீங்க மேடம்.” நாளைக்கு அதிகாரியாக வரப்போகிறவர்கள் என்பதால் இப்போதே மரியாதையாம். அப்பாவும் இப்படித்தான் இருபது வருஷம் இருந்திருப்பார் போல. அப்பா தணிகாசலம், ஓய்வு பெற்ற ஹவில்தார். குடியாத்தத்தில் அவர்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் மிலிட்டரிக்காரர் வீடு என்று கை காட்டுவார்கள். “பதினான்கு.” அந்த வீட்டின் முன்னறையில் ஒரு இரும்புக் கட்டில் உண்டு. விரிப்பு சுருக்கமில்லாமல், காலடியில் கம்பளி மடித்து. அதில் அவள் பிறந்ததிலிருந்து யாரும் படுத்ததில்லை. அப்பா அதன் பக்கத்தில் தரையில் படுப்பார். அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். அம்மா, “அவருக்கு முதுகு வலி, அதான் தரையில படுக்கிறார்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பொய் சொல்லுவாள். இங்கே வந்த முதல் நாள் சாயந்தரம், பத்தொன்பது கட்டிலையும் பக்கத்தில் பத்தொன்பது பாயையும் பார்த்ததும் ஜான்சிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அட, இதுதானா சங்கதி! வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அப்பா மேல் ஒரு பாசம்கூட வந்தது, பாவம் மனுஷன், பட்டாளத்தில் கற்றதை விட முடியாமல் கிடக்கிறார் என்று. “பதினைந்து.” அந்தச் சிரிப்பும் பாசமும் இன்று காலை ஒன்பதரை மணியோடு போயிற்று. உஸ்தாத் எல்லோரையும் மைதானத்தில் நிறுத்தி, இவளை மட்டும் வெளியே கூப்பிட்டு, அந்த நாற்காலியைத் தன் கையாலேயே விரித்துப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: “மேடம் தப்பு பண்ணிட்டாங்க. மேடம் உட்காரட்டும். மத்தவங்க விழுங்க.” ஜான்சிக்குக் காது அடைத்துக்கொண்டது. மேடம் என்கிற இடத்தில் பாப்பா என்று போட்டால் இது அப்பாவின் வாக்கியம். ஒரு எழுத்து மாறாமல், அந்த இழுப்பு உட்பட. பாப்பா தப்பு பண்ணிட்டா. பாப்பா உட்காரட்டும். டேய், நீ விழு. “பதினாறு.” விழுகிறவன் அண்ணன் புகழேந்தி. பாப்பா பால் டம்ளரைக் கவிழ்த்தால் அண்ணன் இருபது. பாப்பா வீட்டுப்பாடத்தை மறந்தால் அண்ணன் முப்பது. அந்த இரும்புக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சிமென்ட் தரையில் அவன் தண்டால் எடுப்பான், பாப்பா ஸ்டீல் நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்து எண்ணுவாள். மடியில் மிலிட்டரி கேன்டீன் பிஸ்கட் இரண்டு. எண்ணி முடிப்பதற்குள் தின்று முடிக்க வேண்டும். அது அப்பாவே கண்டுபிடித்த வதை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வீட்டுக்கு வீடு ஒரு கிறுக்கு, எங்கள் வீட்டுக்கு இந்தக் கிறுக்கு என்று மனசை ஆற்றி வைத்திருந்தாள். கிறுக்கு இல்லையாம். பாடமாம். ரம் பாட்டிலும் சோப்பும் வாங்கி வந்த மாதிரி இதையும் பட்டாளத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து, எட்டு வயசுப் பையன் மேல் இறக்கி வைத்திருக்கிறார். “பதினேழு!” என்று அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த மைனா பறந்தது. உஸ்தாத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பாராட்டுகிறாராம்.

பாராட்டு வேண்டும்தான். அதுதான் கேவலம். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும், வயிறு எரியும்போதும், அந்தத் தலையாட்டல் அவளுக்கு வேண்டியிருந்தது. முகாம் முடிவில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரே ஒரு பெயருக்குப் பரிந்துரைக் கடிதம். அந்தக் கடிதம் இருந்தால் அடுத்த வருஷச் சேர்க்கையில் நேராக நேர்முகத்துக்கே கூப்பிடுவார்கள். போன வருஷம் முகாமுக்கு வந்த பெண்கள் சொல்லியிருந்தார்கள், பிரிவுத் தலைவி விசில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அவள் பெயர்தான் போகும் என்று. “பதினெட்டு.” அவளுக்கு அதிகாரி ஆக வேண்டும். நாட்டுக்காக என்று முகாமுக்கு ஆள் எடுத்த நேர்காணலில் சொன்னாள், நல்ல பிள்ளையாக. உண்மை அது இல்லை. உண்மை வேறு, அதை மெர்லினிடம்கூடச் சொன்னதில்லை. தோளில் நட்சத்திரம் வைத்துக்கொண்டு குடியாத்தம் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஹவில்தார் தணிகாசலம் கதவைத் திறக்க வேண்டும். திறந்ததும் பழக்க தோஷத்தில் அவருடைய கை தானாக நெற்றிக்குப் போக வேண்டும். அதைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓடலாம் என்று இருந்தாள். ஓடினாள். பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஆற்று மணலில் தினம் ஐந்து கிலோமீட்டர். “பத்தொன்பது. இருபது.” ஆனால் நட்சத்திரம் வைத்த பிறகு இவளுக்கும் ஒரு எதிராஜ் கீழே இருப்பான். அவன் நாற்காலி போடுவான். இவள் ஜீப்பில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவாள். அப்படிப் போகிற ஆளைப் பார்த்துத்தானே அப்பா கற்றுக்கொண்டிருப்பார்? “இருபத்தொன்று.” சேலத்துக் கனிஷ்கா மூக்கிலிருந்து வியர்வை கோடாக இறங்குகிறது. கடைசி வரிசையில் ஒருத்தி முனகுகிறாள். மெர்லின் முதல் வரிசையில் நேர் எதிரே, எட்டடி தூரத்தில் இருந்தாள். அவளுக்கு வலது மணிக்கட்டு ஏற்கெனவே வீங்கியிருந்தது. சுவர் ஏறும்போது விழுந்தது, யாரிடமும் சொல்லாமல் கர்ச்சீப்பால் கட்டியிருந்தாள். சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். “இருபத்திரண்டு.” இவளை ஏன் படுக்கச் சொன்னாள்? இரக்கப்பட்டாள், இப்போது அனுபவிக்கிறாள். இரக்கப்படுகிறவளுக்குத்தான் இந்த ஊரில் முதல் அடி. கைக்குக் கீழே சரளைக் கல். இவ்வளவு பெரிய மைதானத்தில் மண்ணான இடமே இல்லையா, பார்த்துப் பார்த்துச் சரளையிலா போடுவார்கள்? “இருபத்துமூன்று. இருபத்துநான்கு. இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு.” குளுக்கோஸ் தண்ணீர் தொண்டையில் இனித்துக்கொண்டு நிற்கிறது. பிஸ்கட்டும் இப்படித்தான், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, விழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது. “இருபத்தெட்டு” என்றாள். மெர்லினின் கர்ச்சீப் அவிழ்ந்து தொங்கியது. அடுத்த எண்ணை வாய் தானாகவே சொன்னது. “முப்பத்தைந்து.”

முதுகுகள் தாழ்ந்து எழுந்தன. ஒரு நொடி யாரும் கவனிக்கவில்லை என்றே தோன்றியது. பிறகு உஸ்தாத் மெதுவாக நடந்து வந்தார். பூட்ஸுக்கு அடியில் சரளை அரைபடும் சத்தம் கேட்டது. கோபமே இல்லை அவர் முகத்தில், அதுதான் எரிச்சல். “மேடம் கணக்குல கொஞ்சம் வீக்கு போலருக்குது. பரவாயில்ல. ஒண்ணுலேருந்து.” பதினெட்டுத் தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. அழுகையா ஏச்சா என்று பிரிக்க முடியவில்லை. கனிஷ்கா வெளிப்படையாகவே, “உனக்கு இன்னாத்துக்குடி இந்த வேல, சனியனே” என்றாள். மெர்லின் தலையைத் தூக்கினாள். கண்ணுக்குள் வியர்வை, இமை மூடி மூடித் திறந்தது. “எட்டி ஜான்சி, நேரே எண்ணுட்டி. நான் எடுத்துக்கிடுவேன்” என்றாள். அப்போதுதான் டம்ளரிலிருந்து தண்ணீர் ஜான்சியின் மடியில் சிந்திற்று. ஏனென்றால் இதையும் அவள் முன்பே கேட்டிருக்கிறாள். ஏழு வயசு. பதினேழிலிருந்து இருபத்தொன்றுக்குத் தாவினாள், அண்ணனுக்கு மூன்று மிச்சமாகட்டும் என்று. அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, “முதல்லேருந்து” என்றார். அண்ணன் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். பதினொரு வயசு, மேலுதட்டில் வியர்வை. “நேரா எண்ணு பாப்பா” என்றான். திட்டவில்லை. கெஞ்சினான். அன்றிலிருந்து பாப்பா நேராக எண்ணினாள். ஒரு எண் தவறாமல், ஒரே வேகத்தில், வாசலில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி. எவ்வளவு சீக்கிரம் எண்ணி முடிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அவன் எழுந்துகொள்வான் என்று அவளுக்கு அவளே ஒரு நியாயம் செய்து வைத்துக்கொண்டாள். “ஒன்று. இரண்டு. மூன்று.” இப்போதும் அதே நியாயம்தான். இந்தப் பாழாய்ப் போன ஏற்பாட்டில் நல்லது செய்ய வழியே வைக்கவில்லை பார். தாவினால் அவர்களுக்கு அதிகம். நிறுத்தினால் கை ஊன்றியபடியே கிடக்க வேண்டும், அது இன்னும் அதிகம். ஒழுங்காக எண்ணினால் நான்தான் அடிக்கிறவள். “ஏழு. எட்டு.” அண்ணன் மேலும் கோபம் வந்தது. நீ ஏன்டா எழுந்து நிற்கவில்லை? எடுக்க மாட்டேன் போ என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாமே? சொன்னால் தண்டனை யாருக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். வேறு யாருக்கு, அம்மாவுக்கு. “பதினைந்து.” அம்மா அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருப்பாள், அந்த நேரம் பார்த்து மட்டும் எல்லாப் பாத்திரமும் சத்தம் போடும். “இருபது.” எழுபத்தைந்தை ஏன்டி சொன்னாய்? வேண்டாம், அதை இப்போது நினைக்காதே. “இருபத்தொன்று. இருபத்திரண்டு.” பதினாலு வயசு உனக்கு. கணக்கில் அறுபத்திரண்டு மார்க். அப்பா நூறு என்றார். அண்ணனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, மீசை வந்துவிட்டது, காலேஜ் பஸ் பாஸ் பையில் இருந்தது. அப்போதும் விழுந்தான். பிஸ்கட் கொடுக்கிற வயசு உனக்குத் தாண்டிவிட்டது, அப்பா மறக்காமல் அன்றும் கொடுத்தார். “முப்பது.” எழுபத்துநாலில் அவன் கை விட்டுப்போயிற்று. கன்னம் சிமென்டில் படிய, வாய் லேசாகத் திறந்தபடி, கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தான். உன்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நீ சொன்னாய், எழுபத்தஞ்சு. யாரும் சொல்லச் சொல்லவில்லை. அப்பா அந்த நேரம் அறையிலேயே இல்லை, வாசலில் யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருந்தார். நீயாகச் சொன்னாய். “முப்பத்தெட்டு.” அவன் எழுந்தான். முகம் கழுவினான். சட்டை போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினான். இப்போது அங்கே ஒரு கம்பெனியில் வேலை. பொங்கலுக்கு வந்தால் அத்தை வீட்டில் தங்குவான், இவளைப் பார்த்தால் நல்லா படிக்கிறியா என்பான், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. “நாற்பது.” அப்பா மேல் இவ்வளவு கோபப்படுகிறாயே, உன் வாயை என்ன செய்யலாம்?

நாற்பத்தைந்தில் மெர்லின் விழுந்தாள். முதலில் வலது முழங்கை மடங்கியது, பிறகு தோள், பிறகு கன்னம் சரளையில் படிந்தது. கண் திறந்தே இருந்தது. மற்ற பதினேழு பேரும் கை ஊன்றி, உடம்பு நடுங்க, அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். முதல் தடவை எடுத்தது இருபத்தொன்பது, இப்போது நாற்பத்தைந்து. கூட்டாமல் இருக்க அவளால் முடியவில்லை, எழுபத்துநாலு. எந்தத் தெய்வத்துக்கு இந்த விளையாட்டில் ஆசையோ, அதுவும் ஒரு உஸ்தாதாகத்தான் இருக்க வேண்டும். “எண்ணுங்க மேடம்” என்றார் எதிராஜ். அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன், வெட்டிப் போட்டாலும் திறக்க மாட்டேன். கடைசி வரிசையில் ஒருத்தி விசும்பத் தொடங்கினாள். “எத்தினி நேரம் வேணாலும் நான் நிப்பேன் மேடம். அவங்கதான் நிக்க முடியாது” என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. “சொல்லித் தொலைடி!” என்று கனிஷ்கா அலறினாள். பதினேழு ஜோடிக் கைகள் ஆடின. மெர்லின் உதட்டை அசைத்தாள், சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரிந்தது. இடது கையை ஊன்றி, வீங்கின கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு, எழப் பார்த்தாள். அப்பா அறையில் இல்லாதபோது சொன்னவள் நீ. இப்போது பதினேழு பேர் கதறும்போது சொல்ல மாட்டாயா? யாருக்காக இந்த வைராக்கியம், அவர்களுக்காகவா, உனக்காகவா? “நாற்பத்தாறு” என்றாள் ஜான்சி. குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கொஞ்சமாவது மன்னித்திருக்கலாம். மெர்லின் ஒற்றைக் கையில் தாழ்ந்து எழுந்தாள். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது.

பெண்கள் எழுந்து தட்டுத் தடுமாறிக் குழாயடிக்குப் போனார்கள். ஒருத்தியும் இவள் பக்கம் திரும்பவில்லை. எதிராஜ் உஸ்தாத் தன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, கயிற்றைச் சுற்றி, அவள் முன்னால் நீட்டினார்.

“குரல்னா இதான் குரல். பதினோரு வருசமா இங்க உஸ்தாதா கீறேன், இந்த மாதிரி கேட்டதில்ல. நடுவுல ஒரு தரம் மனசு எளகிடுச்சி, அப்புறம் இறுக்கிக்கினீங்க பாருங்க, அதான் அதிகாரிக்கு அழகு. நாளையிலேருந்து நீங்கதான் பிரிவுத் தலைவி மேடம்.”

விசில் உள்ளங்கையில் சூடாக இருந்தது. இதற்காகத்தான் ஆற்று மணலில் ஓடினாள். தொண்டை வரைக்கும் வந்த கோபம் அங்கேயே நின்றது, இனிப்போடு சேர்ந்து.

“உங்களுக்குப் பசங்க இருக்காங்களா உஸ்தாத்?”

அவர் முகம் மலர்ந்தது. “ரெண்டு மேடம். பெரியவன் ஆறாவது. சின்னது பொண்ணு, ஒண்ணாவது போவுது. படு சுட்டி.”

“சின்னது தப்பு பண்ணா?”

“பெரியவன் எடுப்பான்” என்றார், பெருமையாகவே. “சின்னது உக்காந்து எண்ணும். ஐம்பது வரைக்கும் தப்பில்லாம எண்ணும் மேடம். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது இல்ல, அப்படியே கத்துக்கிச்சி.”

“உக்காந்து எண்ணுறப்போ கையில என்ன குடுப்பீங்க?”

“கையிலயா?” அவருக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, கண் மட்டும் நாற்காலிக்குப் போயிற்று, நாற்காலிக்குக் கீழே இருந்த டம்ளருக்குப் போயிற்று. “பிஸ்கட்டு” என்றார்.

ஜான்சி விசிலை நாற்காலியின் மேல் வைத்தாள். “வேற யாருக்காவது குடுங்க.”

“கடிதத்துக்குப் பேரு போவாது மேடம். யோசிச்சிப் பண்ணுங்க.”

“தெரியும்.” கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டு வாசலும் நட்சத்திரமும் நெற்றிக்குப் போகிற கையும் ஒரு நொடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன, வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டாள். “உங்க பாப்பாவுக்கும் குரல் நல்லா வரும் உஸ்தாத். எனக்கு அப்படித்தான் வந்துச்சு. எங்க அண்ணன் இப்ப என்கூடப் பேசுறதில்ல.”

குழாயடியில் மெர்லின் உள்ளங்கையிலிருந்து சரளையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் போய் நின்றால் கையை உதறுவாள், ஏசுவாள், ஏசட்டும். நிழலை விட்டு இறங்கியபோது வெயில் பிடரியில் அறைந்தது.

“போம்மா” என்றார் எதிராஜ் பின்னாலிருந்து, மேடம் என்று சொல்ல மறந்து.